வில்லன் வேடமும் விரத மாலையும்

கார்த்திகை பிறந்துவிட்டால் மதுரையிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் சாலை ஐயப்பமார்களின் சாலையாகிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைச் சேவித்து, ராஜபாளையம், தென்காசி தாண்டி, ஆரியங்காவு, அச்சன்கோவில் வழியாகச் சபரிமலைக்குப் போகிற கூட்டத்தில் கன்னிசாமியும் இருப்பார், குருசாமியும் இருப்பார். குருசாமி என்றதும் சென்ற தலைமுறைத் தமிழர்களுக்கு நினைவில் வந்த பெயர்களில் ஒன்று நடிகர் எம்.என். நம்பியார். அரை நூற்றாண்டுக்கு மேல் மாலை போட்டு மலை ஏறியவர். மதுவும் புலாலும் தொடாதவர். அதே மனிதர்தான் 1965இல் ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் மைத்துனனைச் சாட்டையால் அடித்து நடுங்க வைத்தார், அதே ஆண்டு ‘ஆயிரத்தில் ஒருவ’னில் கடற்கொள்ளையர் தலைவனாக வந்தார். திரையில் அப்படி, வாழ்க்கையில் இப்படியா என்று மக்கள் வியந்தார்கள், இன்றும் வியக்கிறார்கள். அந்த வியப்புக்கு அடியில் ஒரு சமயக் கேள்வி கிடக்கிறது. தீமையை ஆண்டுக்கணக்கில் நடித்துக் காட்டுகிறவனின் உள்ளத்தில் அந்தத் தீமை ஒட்டாதா? ஒட்டாது என்பது என் முடிவு. ஆனால் அது எளிதில் வந்துசேரும் முடிவல்ல.

ஏன் எளிதல்ல என்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரே சாட்சி. பெரியாழ்வார் தம்மை யசோதையாகப் பாவித்துக் கண்ணனைப் பாடினார். அவர் மகள் ஆண்டாள் இன்னும் ஒரு படி மேலே போனாள். வில்லிபுத்தூரை ஆயர்பாடியாகவும், வடபெருங்கோயிலை நந்தகோபரின் மாளிகையாகவும், தோழியரை ஆயர் சிறுமியராகவும் பாவித்து மார்கழி நோன்பு நோற்றாள். பாவனை முற்றி, அவளுடைய நடையும் பேச்சும் மேனியின் மணமும்கூட இடைப்பெண்ணுடையவை ஆகிவிட்டன என்று வைணவ மரபு சொல்கிறது. பாவனைக்கு இவ்வளவு ஆற்றல் இருக்குமென்றால், நல்லதைப் பாவித்தவள் நல்லதாகவே ஆனாள் என்றால், கெட்டதைப் பாவித்தவன் மட்டும் எப்படித் தப்புவான்? கிரேக்கத்தில் பிளேட்டோ இதையே வேறு விதமாகக் கேட்டார். ‘குடியரசு’ நூலில் அவர் நாட்டைக் காக்கும் இளைஞர்கள் இழிந்தவர்களைப் போல நடித்துப் பழகவே கூடாது என்கிறார். இளமையிலிருந்து தொடரும் நடிப்பு பழக்கமாகி, உடலிலும் குரலிலும் எண்ணத்திலும் குடியேறிவிடும் என்பது அவர் அச்சம். இந்த வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. பழக்கத்தின் வலிமையை அறியாத சமயம் எதுவும் உலகில் இல்லை. நோன்புகள் எல்லாம் அதன்மேல்தானே நிற்கின்றன.

ஆனால் ஆண்டாளை மாற்றியது பாவனை மட்டும்தானா? அவள் ஆய்ச்சியின் கோலத்தை ஏற்றது கண்ணனை அடைய வேண்டும் என்ற தீராத வேட்கையால். வேட்கை முன்னே போனது, வேடம் பின்னே வந்தது. அந்த வேட்கையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் ஒப்பனை. இதற்கும் அதே கோயிலிலேயே சான்று இருக்கிறது. திருவரங்கம், ஆழ்வார் திருநகரி போல ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பாசுரங்களைப் பாடி அபிநயிக்கும் அரையர் சேவை இன்றுவரை நடக்கிறது. முத்துக்குறியில் ஒரே அரையர் காதலில் வாடும் மகளாகவும், கலங்கும் தாயாகவும், குறி சொல்லும் கட்டுவிச்சியாகவும் அபிநயிக்கிறார். திருவரங்கத்தில் கம்சவதமும் இராவண வதமும் அபிநயம் ஆகின்றன. அசுரனின் செருக்கைக் கைகளிலும் கண்களிலும் கொண்டுவராமல் அவன் வதத்தைக் காட்ட முடியாது. அப்படிக் காட்டிய அரையருக்குப் பெருமாள் சந்நிதியில் கிடைப்பது கோயில் மரியாதை. வைகுந்தத்தின் வாயில் காவலர்களான ஜெயவிஜயர்கள் சாபத்தால் இரணியனாகவும் இராவணனாகவும் சிசுபாலனாகவும் பிறந்து, பெருமாளைப் பகைத்து, மறுபடி வாசலுக்கே திரும்பினார்கள் என்கிறது பாகவத மரபு. புராண வரலாற்றின் மிகப் பெரிய வில்லன்களை நம் முன்னோர் கடவுளின் வாசலிலேயே நிற்க வைத்திருக்கிறார்கள். பகைவன் வேடம் ஏற்றவனை அவர்கள் எப்படி மதித்தார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. ஆண்டு முழுவதும் பாவத்தை நடித்துப் பொருள் சேர்த்துவிட்டு, அதைக் கழுவத்தான் நம்பியார் மலைக்குப் போனார் என்பார்கள். வரலாறு இதற்கு இடம் தரவில்லை. சிறுவனாக நம்பியார் சேர்ந்தது நவாப் ராஜமாணிக்கத்தின் நாடகக் கம்பெனியில். தசாவதாரம், கிருஷ்ணலீலா, ஏசுநாதர் என்று பக்தி நாடகங்களால் பெயர் பெற்ற கம்பெனி அது. ஐயப்பன் கதையை மேடையேற்றித் தமிழ்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுசென்றதும் அதுவே. 1950இல் சபரிமலைக் கோயில் தீக்கிரையாகி, பி.டி. ராஜன் அளித்த பஞ்சலோக விக்கிரகம் பிரதிஷ்டையான பிறகு தமிழ்நாட்டிலிருந்து மலைக்குப் போவோர் பெருகியதில் அந்த நாடகத்துக்கும் பங்கு உண்டு. ராஜமாணிக்கத்துக்கு நவாப் என்ற அடைமொழி வந்த கதை இன்னும் அழகானது. ‘பக்த ராமதாஸ்’ நாடகத்தில் ராமபக்தனைச் சிறையில் அடைக்கும் நவாபாக அவர் நடித்த நடிப்புக்கே மக்கள் தந்த பெயர் அது. 1935இல் அந்த நாடகம் படமானபோது நம்பியாரின் திரை வாழ்வும் அதில்தான் தொடங்கியது. ஆக அவருக்குப் பக்தியும் நடிப்பும் ஒரே ஆசானிடமிருந்து வந்தவை. ஒன்றின் கறையைத் துடைக்க மற்றொன்றைத் தேடிப் போனார் என்பதற்கு அடிப்படையே இல்லை. மாலை போடுவதுதான் என்ன? 41 நாள் சொந்தப் பெயர் போய் எல்லாரும் சாமி ஆகிறார்கள். உடை மாறுகிறது, படுக்கை மாறுகிறது. எருமேலியில் முகத்தில் வண்ணம் பூசிப் பேட்டை துள்ளுகிறார்கள். திரும்பி வந்ததும் மாலையைக் கழற்றுகிறார்கள். நான் என்பதைக் கொஞ்ச காலம் இறக்கி வைக்கும் பயிற்சி அது. அதை ஆண்டுதோறும் செய்தவருக்குப் படப்பிடிப்பு முடிந்ததும் கொடியவனை இறக்கி வைப்பது கடினமாக இருந்திருக்காது.

என்னை உண்மையில் நிறுத்தி யோசிக்க வைக்கும் ஆட்சேபம் வேறு. நடிகன் தூயவனாக இருக்கட்டும், பார்த்தவர்கள் என்ன ஆனார்கள்? சாட்டையையும் பெண்ணை மிரட்டும் காட்சியையும் கொட்டகையில் கண்டவன் அதில் எதையாவது வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தால், நடிகனின் விரதம் அதற்கு ஈடாகாது. இந்த ஆட்சேபத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கையைப் பிசைந்து, புருவத்தை உயர்த்தி, குரலைத் தாழ்த்திப் பேசும் ஒரு முகத்தில் தீமை முழுவதையும் நம் சினிமா குவித்துவிட்டது. புன்னகையோடும் பணிவோடும் வரும் தீமையை அடையாளம் காண அது நமக்குக் கற்றுத் தரவில்லை. இது உண்மையான குறை. ஆனால் கதை எழுதியவர்களும் எடுத்தவர்களும் சுமக்க வேண்டிய குறை. நம்பியார் தம் பங்கில் செய்தது, தீமையை ஒருபோதும் கவர்ச்சியாக்காமல் நடித்தது. அவருடைய கொடியவனைப் பார்த்து அவனைப் போல ஆக ஆசைப்பட்டவர் அரிது. பெண்கள் வாய்விட்டுச் சபித்தார்கள். அந்தச் சாபம் அவர் நடிப்பு நேர்மையாக இருந்ததற்கான சான்று.

அந்த வெறுப்பு மனிதர்மேல் ஒட்டியதா என்பதையும் பார்க்கலாம். 1950இல் ‘திகம்பர சாமியா’ரில் குற்றவாளிகளைப் பிடிக்கப் பல மாறுவேடங்கள் பூண்ட நல்லவராக நம்பியார் நடித்தார், அதே ஆண்டு ‘மந்திரி குமாரி’யில் சூழ்ச்சிக்கார ராஜகுரு ஆனார். பிறகு முப்பது ஆண்டு பெரும்பாலும் வில்லன்தான். 1982இல் பாக்யராஜின் ‘தூறல் நின்னு போச்சு’ படத்தில் அன்பான வாத்தியாராக அவர் வந்தபோது, அத்தனை ஆண்டு அவரைத் திட்டிய அதே மக்கள் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டு சிரித்தார்கள், கைதட்டினார்கள்.