சங்கம் மாறும் உரிமை

தாய்ச் சங்கத்தை விட்டுத் தனிச் சங்கம் காண்பது துரோகமா? அன்று. அமெரிக்க விமானிகள் 1931இல் கம்பெனி பேதமின்றி நாடு தழுவிய சங்கம் கண்டனர்; 1963இல் 'அமெரிக்கன் ஏர்லைன்ஸ்' விமானிகள் பிரிந்து தமக்கெனச் சங்கம் அமைத்தனர். சந்தா செலுத்துவோன் விலகவும் உரியவனே.

2008இல் நடந்ததோ வேறு. 'யூ.எஸ். ஏர்வேஸ்', 'அமெரிக்கா வெஸ்ட்' கம்பெனிகள் 2005இல் இணைந்தன. பதவி, சம்பளம், ஓய்வுநாள் யாவும் பணிமூப்பைப் பற்றியே நிற்பதால், இரு சாராரையும் ஒரே வரிசைப்படுத்தச் சங்க விதிப்படி நடுவர் அமர்ந்து 2007இல் தீர்ப்பளித்தார். நெடுங்காலம் உழைத்தும் ஆட்குறைப்பால் வெளியே நின்ற யூ.எஸ். ஏர்வேஸ் விமானிகள் கடைசியில் வைக்கப்பட்டனர். அவர் துயர் பொய்யன்று. ஆயினும் தீர்ப்பு கசந்ததும், தொகையில் மிக்க அச்சாரார் வாக்கு வலிமையால் தாய்ச் சங்கத்தையே நீக்கித் தனிச் சங்கம் கண்டனர். தீர்ப்பு முடங்கிற்று. சிறுபான்மையோருக்கோ, தம்மை வீழ்த்திய சங்கமே பிரதிநிதியாயிற்று! அது நேர்மை தவறியதென மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது 2015இல். அதற்குள் ஏழாண்டுகள் கழிந்திருந்தன.