எட்டாவது லேன்

நானூறு மீட்டர் ஓட்டத்தில் எட்டாவது லேன் விழுந்தால் எந்தப் பிள்ளைக்கும் முகம் வாடிவிடும். வளைவில் எல்லோருக்கும் தூரம் சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக, வெளி லேனில் ஓடுபவர்களை முன்னே தள்ளி நிறுத்துவோம். எட்டாவது லேன்காரி எல்லோரையும்விட முன்னால் நிற்பாள். விசில் அடித்துக் கத்தும் கூட்டத்துக்கு அவள்தான் முந்துகிறாள் என்று தோன்றும். அவள் கண்ணுக்கு முன்னால் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் ஏழு பேரின் காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். கடைசி நூறு மீட்டருக்குத் திரும்பும்போதுதான் தான் எங்கே இருக்கிறோம் என்பது அவளுக்கே தெரியும்.

இருபத்திரண்டு வருடமாக உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். என்னிடம் ஓடிய ஒரு மாணவியைப் பற்றி எழுத நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டு வந்தேன். போன மாதம் அவளிடமே கேட்டேன். “பேர் போடாம எழுதுங்க டீச்சர்” என்றாள்.

அப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு. முந்தின நாள் பெய்த மழையில் எங்கள் மைதானத்துக் கரிசல் மண் களியாகிக் கிடந்தது. மற்ற பிள்ளைகள் போய்விட்டார்கள். அவள் மட்டும் ஸ்போர்ட்ஸ் ரூம் படியில் உட்கார்ந்து, ஸ்பைக்ஸ் ஆணிகளுக்கு இடையில் அப்பியிருந்த மண்ணை விளக்குமாற்றுக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தாள். ஒரு ஆணியைச் சுத்தம் செய்ய அவ்வளவு நேரம் ஆகாது. ஏதோ சொல்ல வருகிறாள் என்று புரிந்தது. பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். “டீச்சர், எனக்குப் பையங்கமேல ஒண்ணுமே தோணல. ஒரு பிள்ளையத்தான் பிடிச்சிருக்கு. ரெண்டு வருசமா இப்படித்தான் இருக்கு. இது தப்பா டீச்சர்?”

நான் திட்டவில்லை. வீட்டுக்குச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைத்து, “இதையெல்லாம் இப்ப போட்டுக் குழப்பிக்காத. மொதல்ல ஸ்டேட்ல ஒரு மெடல் வாங்கு. ஸ்போர்ட்ஸ் கோட்டால வேலைக்குப் போ. சொந்தக் கால்ல நின்னுட்டேன்னா, அதுக்கப்புறம் உன்னை எவனும் ஒரு வார்த்தை கேக்க முடியாது” என்றேன். “சரிங்க டீச்சர்” என்றாள். மறுபடியும் குச்சியை எடுத்தாள். பக்குவமாகப் பதில் சொல்லிவிட்டோம் என்ற நிறைவோடு அன்று வீட்டுக்குப் போனேன்.

அந்தப் பதில் என் வாயில் சட்டென்று வந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு மைதானம் வெறும் விளையாட்டு இடம் கிடையாது. அப்பா மூட்டை தூக்குகிறவராக இருப்பார், அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போவார். அந்த வீட்டிலிருந்து வெளியே போக இருக்கும் இரண்டு மூன்று கதவுகளில் ஒன்று இந்தச் சுண்ணாம்புக் கோடு. தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே இருக்கிறது, போலீஸ் இருக்கிறது. குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று ஏறி ஏறிச் சான்றிதழ் சேர்த்து, சீருடை போட்டு ஊருக்குத் திரும்பிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படித் திரும்பியவள் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டால்கூட ஊர் வாயை மூடிக்கொள்ளும். ஆகவே மெடல் ஒரு கேடயம் என்று நான் மனதார நம்பினேன்.

ஆனால் பதினாறு வயதுப் பிள்ளை அந்தக் கேடயத்தைச் சம்பாதிப்பதற்குள் எத்தனை பேருக்குக் கடன்பட்டவளாகிவிடுகிறாள் என்பதை நான் கூட்டிப் பார்த்ததில்லை. அம்மாவுக்கு மகள் வேலைக்குப் போக வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு ஷீல்டு வேண்டும். எனக்கும் என் பங்கு இருந்தது. என்னிடம் பயின்றவள் மாநிலப் போட்டிக்குப் போனாள் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். இத்தனை பேரும் அவள் உடம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு எடை, என்ன சாப்பிட்டாள், மாதவிலக்கு எப்போது, போட்டி எப்போது. அந்த உடம்புக்குள் இருந்தவள் வாய் திறந்து ஒன்று சொன்னதும், பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மைதானத்தில் எங்களுக்கு ஒரு பாராட்டு வாக்கியம் உண்டு. “பையன் மாதிரி ஓடுறாடா!” என்போம். நானே நூறு தடவை சொல்லியிருப்பேன். அதே பிள்ளை வீட்டுக்குப் போனால், “பையன் மாதிரி முடிய வெட்டிக்கிட்டு என்னடி இது, பூ வச்சுக்கோ” என்பார்கள். நாலு மணிக்கு மைதானத்தில் புகழாக இருந்தது ஏழு மணிக்கு வீட்டில் குற்றமாகிவிடும். நடுவில் இருப்பது ஒரு டவுன் பஸ் பயணம்தான். அந்தப் பயணத்தில் அவள் எத்தனை தடவை தன்னை மாற்றி உடுத்திக்கொள்ள வேண்டியிருந்ததோ.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 2006 டிசம்பரில், தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். செங்கல் சூளையில் வேலை பார்த்த பெற்றோரின் மகள். சில நாட்களிலேயே பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். சாந்தியின் விஷயமும் என் மாணவியின் விஷயமும் ஒன்றல்ல. அவருடையது பிறவியில் அமைந்த உடல்கூறு பற்றியது, இவளுடையது மனசு யாரை நாடுகிறது என்பது பற்றியது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் மைதானங்களில் அந்தச் செய்தி விட்டுப்போன பயம் ஒன்றுதான். அதற்குப் பிறகு மார்பு தட்டையாக, குரல் கனமாக, முடி குட்டையாக இருந்த ஒவ்வொரு ஓட்டக்காரியையும் யாராவது ஒருவர் ஒரு மாதிரி பார்த்தார்கள். நன்றாக ஓடினால் சந்தேகம் வரும் என்பதைப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். என் மாணவி அந்தப் பார்வைக்கு நடுவில் வளர்ந்தவள்.

வருவாய் மாவட்டப் போட்டியில் அவளுக்கு எட்டாவது லேன் விழுந்தது. பயிற்சியில் 61 வினாடிக்கு வந்திருந்தாள். முதல் இருநூறு நன்றாகப் போனாள், அளவுக்கு மீறி நன்றாகப் போனாள். நானூறு ஓடியவர்களுக்குத் தெரியும், மூன்றாவது நூறில்தான் உடம்பு கணக்குக் கேட்கும். தொடை கல்லாகும், கை தானாக மேலே ஏறும். வளைவு முடியும்போது அவள் தோள் இறுகிவிட்டதைத் தூரத்திலிருந்தே பார்த்தேன். ஒவ்வொருத்தியாகத் தாண்டிப் போனார்கள். 65 வினாடி, ஐந்தாம் இடம். கோட்டைத் தாண்டி நாலடி நடந்து, தரையில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் இருந்தாள். ஒரு மணி நேரம் பேசவில்லை. ஊர் நெருங்கும்போது, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அப்ப இனிமே நான் சொல்லவே முடியாதா டீச்சர்?”

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது வயிற்றைப் பிசைந்தது. மெடல் வாங்கினால் சொல்லலாம் என்று நான் சொன்னதை அவள் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் அன்று ஓடியது என் ஷீல்டுக்காக இல்லை, வேலைக்காகவும் இல்லை. தான் யார் என்று சொல்லிக்கொள்ள அனுமதி வாங்குவதற்காக ஓடியிருக்கிறாள். நான்தான் அந்த நிபந்தனையைப் போட்டவள். ஐந்தாவதாக வந்ததால் அனுமதி இல்லை என்று அவளாகத் தீர்ப்பு எழுதிக்கொண்டாள்.

அன்று இரவு டுட்டி சந்த் நினைவுக்கு வந்தார். ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்து நெசவாளர் வீட்டுப் பெண். பதினெட்டு வயதில், 2014-இல், உடலில் டெஸ்டோஸ்டிரோன் அதிகம் என்று சொல்லி காமன்வெல்த் போட்டிக்கான அணியிலிருந்து நீக்கினார்கள். ஸ்விட்சர்லாந்தில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய், 2015-இல் அந்த விதியையே நிறுத்திவைக்கச் செய்தார். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் நூறு மீட்டர், இருநூறு மீட்டர் இரண்டிலும் வெள்ளி. அந்த வருடம் செப்டம்பர் 6-ஆம் தேதி தன்பாலுறவு குற்றமல்ல என்று 377-ஆம் பிரிவைப் பற்றிய தீர்ப்பை உச்ச நீதிமன்றம் தந்தது. அடுத்த மே மாதத்தில், தான் ஒரு பெண்ணை நேசிப்பதாக டுட்டி வெளிப்படையாகச் சொன்னார். வீட்டிலேயே கடும் எதிர்ப்பு. ஆனாலும் இரண்டு மாதத்தில் நேபிள்ஸ் நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழகப் போட்டியில் நூறு மீட்டர் தங்கத்தை வென்றார்.

இந்தக் கதையை நான் பிள்ளைகளுக்கு உற்சாகமாகச் சொல்லி வந்திருக்கிறேன். பார்த்தாயா, ஜெயித்தாள், சொன்னாள், மறுபடியும் ஜெயித்தாள் என்று. ஆனால் ஊக்க மருந்து விவகாரத்தில் 2023-இல் டுட்டிக்கு நான்கு வருடத் தடை விழுந்தது. தடை நியாயமா இல்லையா என்று நான் பேச வரவில்லை. என்னை உறுத்தியது வேறு. பதக்கத்தை அடகு வைத்துத்தான் உண்மையைப் பேச முடியும் என்றால், ஓட்டத்தில் சறுக்கிய நாளில் அந்த உண்மையும் ஏலத்துக்கு வந்துவிடுமா? 2018-க்கு முன்னால் அவர் நேசிக்கவில்லையா? ஆசியப் பதக்கம் வாங்கும் டுட்டி லட்சத்தில் ஒருத்தி. மாவட்டத்தில் ஐந்தாவதாக வருகிறவர்கள்தான் நாடு முழுக்க நிறைந்திருக்கிறார்கள். என் பதிலில் அவர்களுக்கு இடமே இல்லை.

அந்த நாட்களில் இன்னொருவரைப் பற்றியும் படித்தேன். இங்கிலாந்தில் ஜேக் டேனியல்ஸ் என்ற கால்பந்து வீரர், 2022 மே மாதம், பதினேழு வயதில் தான் தன்பாலீர்ப்பாளர் என்று அறிவித்தார். அந்நாட்டு ஆண்கள் கால்பந்தில் 1990-இல் ஜஸ்டின் ஃபஷானுவுக்குப் பிறகு ஆடிக்கொண்டிருக்கும்போதே சொன்ன முதல் தொழில்முறை வீரர் அவர்தான். அம்மாவிடமும் சகோதரியிடமும் சொன்ன மறுநாள் ஆட்டத்தில் நான்கு கோல் போட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அதைப் படித்ததும் துள்ளிக் குதித்தேன். இதோ, சொல்லிவிட்டால் பாரம் இறங்கும், பாரம் இறங்கினால் வேகம் கூடும் என்று அவளிடம் சொல்லலாமே! போனைக் கையில் எடுத்தேன். எடுத்த பிறகு யோசித்தேன். அன்று அந்தப் பையன் ஒரு கோல்கூடப் போடாமல் வெளியே வந்திருந்தால்? அவன் அம்மாவிடம் சொன்னது வீணாகிவிடுமா? மறுபடியும் நான் ஸ்கோர் போர்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போனைக் கீழே வைத்தேன்.

என்னிடம் இதைப் பற்றிப் பேசச் சொற்களே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. எனக்குத் தெரிந்த சொற்கள் எல்லாம் வசவுகள். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன்னால், ஒருவரையொருவர் நேசித்து மதுரையிலிருந்து கிளம்பிச் சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்டு நின்றபோது, தனக்கு இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று அவர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் 2021 ஜூன் 7-இல் உத்தரவு போட்டார். இப்படிப்பட்டவர்களை ‘மாற்றுகிறேன்’ என்று சிகிச்சை செய்வதற்கு அதில் தடை விதித்தார். நீதிபதியே பாடம் கேட்கலாம் என்றால், விசில் ஊதுகிற நான் கேட்பதில் என்ன குறை? தேடிப் படித்தேன். தன்பாலீர்ப்பு, பால்புதுமையினர் என்ற சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். முதலில் நாக்கு கூசியது. பத்து தடவை சொன்னால் கூச்சம் போய்விடுகிறது.

இரண்டு வாரம் கழித்து அதே படியில் அவளை உட்கார வைத்துச் சொன்னேன். “அன்னைக்கு நான் சொன்னது தப்பு. மெடலுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நாளைக்கே நீ ஸ்பைக்ஸக் கழட்டி வச்சாலும் நீ நீதான்.” அவள் சொன்னதை அவளைக் கேட்காமல் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னேன். அதையே இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். பதில் ஒன்றும் சொல்லவில்லை. மன்னித்தாளா என்று தெரியாது. அந்த வருடம் முழுக்க ஓடினாள். மாநிலப் போட்டிக்குப் போகவே இல்லை.

இப்போது வேறு ஊரில் கல்லூரியில் படிக்கிறாள். ஓடுவதில்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சொல்லு என்று நான் வற்புறுத்துவதும் இல்லை. எந்த வீட்டில் என்ன நடக்கும் என்று வெளியிலிருந்து யாருக்குத் தெரியும்? கை செலவுக்கும் தங்குவதற்கும் வீட்டை நம்பியிருக்கிற பிள்ளையிடம் தைரியமாக இரு என்று சொல்வது எனக்குச் சுலபம்.

போன வாரம் ரேஷன் கடை வரிசையில் அவள் அம்மாவைப் பார்த்தேன். பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார். மகள் ஓடுவதை விட்டுவிட்டதைப் பற்றி வருத்தப்படப் போகிறார் என்று நினைத்து, சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். “மெடலு, வேலை எல்லாம் கெடக்கட்டும் டீச்சர். எங்கிட்ட அவ பேசியே ரெண்டு வருசமாச்சு. சாப்பிட்டியான்னா சாப்பிட்டேங்குறா, அதோட சரி. நான் என்ன தப்பு பண்ணேன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்.”

அன்று ராத்திரி அவளுக்குப் போன் போட்டேன். என் சொந்தச் சரக்கு ஒரு சொல்லும் சேர்க்காமல், அம்மா சொன்னதை மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சே இல்லை. விடுதியில் யாரோ பக்கெட்டில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, “அம்மா அப்படியேவா சொன்னாங்க டீச்சர்?” என்று கேட்டாள்.

அப்படியேதான் சொன்னார்கள் என்றேன்.