வெள்ளாற்று முகத்துவாரத்தில் ஒரு தூதர்

பிச்சாவரத்துக்கு வடக்கே வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் பரங்கிப்பேட்டை இருக்கிறது. 1783 மார்ச்சில் பிரெஞ்சுத் தளபதி மார்க்கி தெ புஸ்ஸி படையோடு இங்கேதான் கரையிறங்கினார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது, கீல்வாதம் வேறு. அமெரிக்கப் புரட்சியை ஒட்டி பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் மூண்ட போர் சோழமண்டலக் கரைக்கும் பரவியிருந்த காலம். மைசூரோடு கைகோத்து ஆங்கிலேயரை எதிர்க்க வந்தவர் அவர். ஆனால் ஹைதர் அலி முந்தைய டிசம்பரிலேயே இறந்துவிட்டார். அவர் மகன் திப்புவோ மேற்குக் கரைப் போருக்குப் போயிருந்தார்.

*

இளமையில் புஸ்ஸி தக்காணத்தையே ஆட்டிவைத்தவர். 1751இல் சலாபத் ஜங்கை ஹைதராபாத் நிஜாம் பதவியில் ஏற்றிவிட்டு, ஏழு ஆண்டுகள் அவர் பக்கத்திலேயே இருந்தார். படைச் செலவுக்கென்று வட சர்க்கார் மாவட்டங்களையே 1753இல் கேட்டு வாங்கினார். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அவரைத் தெற்கே அழைத்துக்கொண்டார். மறு ஆண்டே சலாபத் ஜங் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்துகொண்டார். அத்தனை ஆண்டுச் செல்வாக்கும் ஆள் அங்கே இருந்தவரைக்கும்தான்.

*

நீர் வற்றும் நேரத்தில் பிச்சாவரத்தில் இருளர் மக்கள் வாய்க்காலில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். ஓலைப் பறியைப் பல்லில் கவ்வியிருப்பார்கள், கைகள் இரண்டும் தண்ணீருக்குள். சுரபுன்னை வேர்களுக்கு இடையே விரல்கள் மெல்ல நகரும். இறால் இருப்பது விரலுக்குத்தான் தெரியும். கரையில் நின்று பார்ப்பவருக்குக் கலங்கல் தண்ணீர் மட்டுமே தெரியும். தூதுத்தொழிலும் இப்படி இறங்கி நின்று செய்ய வேண்டியது என்று தோன்றுகிறது. வள்ளுவரும் தூதருக்கு வேண்டியவற்றைச் சொல்ல வந்து, அன்பைத்தான் முதலில் வைத்தார்.

*

1783 ஜனவரி 20இல் வெர்சாயில் சமாதானத்துக்கான முதற்கட்ட உடன்பாடு கையெழுத்தாகிவிட்டது. ஆங்கிலேயர் முற்றுகையிட்ட கடலூரில் இருந்த புஸ்ஸியின் படைக்கு அது தெரியாது. ஜூன் 13இல் ஊருக்குத் தெற்கே கடும் சண்டை. ஆங்கிலேயர் தரப்பில் மட்டும் செத்தவரும் காயம்பட்டவருமாக ஏறத்தாழ ஆயிரம் பேர். ஜூன் 20இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரனும் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஹியூஸும் கடலில் மோதினார்கள். ஜூன் 25இல் புஸ்ஸியின் வீரர்கள் வெளியே வந்து தாக்கித் தோற்றார்கள். மாதக் கடைசியில்தான் செய்தியோடு கப்பல் வந்தது.

இரு பக்கமும் நம் ஊர்ச் சிப்பாய்கள் இருந்தார்கள். ஐந்து மாதங்களுக்கு முன்பே முடித்துவைக்கப்பட்ட பகைக்காக அவர்கள் உயிரை விட்டதை என் மனம் இன்னும் ஏற்க மறுக்கிறது. அவர்கள் பெயர்கள் எந்த உடன்படிக்கையிலும் இல்லை.

*

பிறகு புஸ்ஸி, மங்களூர் முற்றுகையில் திப்புவோடு நின்ற பிரெஞ்சுப் படையைப் போரிலிருந்து விலகச் சொன்னார். அரசரின் ஆணை, அவரால் மீற முடியாது. முற்றுகையின் நடுவில் கைவிடப்பட்ட திப்பு கொதித்தார். 1784 மார்ச்சில் ஆங்கிலேயரோடு தனியே உடன்படிக்கை செய்துகொண்டார். சலாபத் ஜங்குக்குப் பக்கத்தில் இருந்ததுபோல் திப்புவின் பக்கத்திலும் புஸ்ஸி இருந்திருந்தால் ஆணை மாறியிருக்காது. ஆனால் அந்தக் கசப்பான சேதியை முகம் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

*

1785 ஜனவரியில் புதுச்சேரியில் புஸ்ஸி இறந்தார். அவர் வாழ்க்கையில் நான் மதிப்பது அந்த ஏழு ஆண்டுகளை. வேற்று நாட்டவரின் அவையில், அவர்கள் கோபத்துக்கும் சந்தேகத்துக்கும் நடுவே, எழுந்து போகாமல் இருந்த பொறுமை அது. சமாதானத்துக்கு நாள் குறிப்பதானால், கடைசிச் சிப்பாயின் காதில் அது விழுந்த நாளைத்தான் குறிக்க வேண்டும். அந்த நாளை ஒரு வாரமாவது முன்னே கொண்டுவர முடிந்தவரே நல்ல தூதர்.