பொறுமை கடனா, வியாபாரமா?



நம் ஊர்ப் பீங்கான் தொழிலாளருக்கு இது புதிதன்று: அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையை ஈரம் காயுமுன் சூளையில் ஏற்றினால் வெடித்துப்போகும். பச்சையிலேயே குறை கண்டாலோ, நனைத்துப் பிசைந்து மறுபடி செய்யலாம்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக் கிரிக்கெட் வீரர் தங்கராசு நடராஜன் 2015-ல் தமிழ்நாட்டுக்காக ரஞ்சிப் போட்டியில் இறங்கினார். உடனே அவர் பந்து வீசும் முறை விதிக்கு மாறானதோ என்ற சந்தேகம் எழுந்தது. பயிற்சியாளர்கள் குறையை மறைக்கவுமில்லை, அவரைத் தள்ளவுமில்லை. முறையைத் திருத்திக்கொண்டு அவர் திரும்பினார். 2018, 2019 ஐ.பி.எல். பருவங்களில் ஹைதராபாத் அணியில் இருந்தும் ஓர் ஆட்டம்கூட ஆடக் கிடைக்கவில்லை. 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காகவே ஆடினார்.

பொறுத்தால் பலன் உண்டு என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். பலன் வராவிட்டால்? ஒரு நடராஜன் எழும்பும் இடத்தில் எத்தனையோ பிள்ளைகள் பெயர் தெரியாமல் வீடு திரும்புகிறார்கள். அவர்களுக்குக் காட்டிய பொறுமை வீண்தானா?

வெற்றியைக் கணக்கிட்டுப் பொறுப்பவன் வட்டிக்குக் கொடுக்கிறவனே. பிள்ளைக்கு நாம் காட்டும் பொறுமையோ கடன். அவன் வளரவேண்டியவன் என்பதே அதற்குப் போதுமான காரணம். ஆனால் பொறுமை வேறு, பொய்ச் சமாதானம் வேறு. அணியில் இடம் கிடைக்காதென்றால், அதை அன்போடு சொல்லுவதும் அக்கடனைச் சேர்ந்ததே.

பெற்றோர்களே, பரீட்சையில் தவறிய பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கலாம். அண்டை வீட்டுப் பிள்ளையோடு அவனை ஒப்பிடுமுன், அவனுக்குரிய காலத்தைக் கொடுத்தோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோமாக.