தண்ணீர் எங்கே போகும்?

என் வீட்டு வாசலில் முன்பு நான்கு படிகள் இருந்தன. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. இப்போது ஒரு படிதான் மிச்சம். அபிராமபுரத்தில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்குப் புரியும்.

இடித்து அடுக்குமாடி கட்டிவிடலாம் என்றான் மகன். பில்டர் வந்தார். நல்ல மனிதர், தட்டில் வெற்றிலை பாக்குப் பழத்தோடு வந்தார்.

"மனையை நாலடிக்கு மண் கொட்டி ஒசத்திடுவோம் சார். 2015 மாதிரி வந்தாலும் ஒரு சொட்டு உள்ளே வராது."

"அந்தத் தண்ணீர் எங்கே போகும்?"

"அது... போயிடும் சார்."

எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அடுத்த வீட்டுக்குத்தான். அங்கே ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக இருக்கிறார். 2015 டிசம்பர் முதல் தேதி செம்பரம்பாக்கம் ஏரியில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்து, அடையாறு கரை மீறிய அந்த இரவில் அவரும் அவருடைய தையல் மெஷினும் எங்கள் மாடியில்தான் இருந்தார்கள். மெஷின் பிழைத்தது. புத்தகங்கள் பிழைக்கவில்லை.

அந்த வெள்ளம் மனிதரால் நேர்ந்த பேரிடர் என்று 2018இல் சட்டசபையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை சொல்லிற்று. படித்ததும் ஏரியை மனையாக்கியவர்களைத் திட்டினேன். தியாகராய நகரே 1920களில் ஏரியை வடித்து எழுப்பியதுதானே! மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரியைத்தான் காணோம். அந்த மனிதர்களின் வரிசையில் எனக்கும் ஓர் இடம் உண்டு என்று அப்போது தோன்றவில்லை.

வெள்ளம் பரவும் நிலத்தில் எதைக் கட்டலாம், எதைக் கூடாது என்று வகுக்க 1975இல் மத்திய அரசு ஒரு மாதிரி மசோதாவை மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான் என்று ஒரு சிலவே அதைச் சட்டமாக்கின. அமெரிக்காவில் 1968இல் வெள்ளக் காப்பீடு தொடங்கியபோது, ஊர் முதலில் கட்டட விதிகளை வகுத்தால்தான் ஊர்க்காரருக்குப் பாலிசி என்று நிபந்தனை வைத்தார்கள். இங்கே 2021 முதல் பாரத் கிருஹ ரக்ஷா என்ற பாலிசி இருக்கிறது. வெள்ளத்தில் என் சுவர் விழுந்தால் பணம் வரும். நல்லதுதான், நானும் எடுப்பேன். ஆனால் நான் கொட்டும் மண்ணால் அந்த அம்மாள் வீட்டில் ஏறும் தண்ணீர் என் பாலிசியின் கணக்கில் வராது. சட்டமும் கேட்காது, கம்பெனியும் கேட்காது என்றால், கேட்க வேண்டியவன் யார்?

பில்டரை மறுபடி அழைத்தேன். "மண் கொட்ட வேண்டாம். தரை இருந்தபடியே இருக்கட்டும். தூண்மேல் கட்டுங்கள். வந்த தண்ணீர் கீழே நின்றுவிட்டுப் போகட்டும்."

"கார் முழுகும் சார். வாங்கறவங்க விலையைக் குறைப்பாங்க. உங்க பங்கும் குறையும்."

எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். சின்னத் தொகை இல்லை. மகன் அந்தத் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அவங்களும் ஒரு நாள் வித்துட்டுப் போயிடுவாங்கப்பா" என்றான். நடக்கக்கூடியதுதான்.

நேற்று அந்த அம்மாள் சுவருக்கு அப்பாலிருந்து, "வீடு கட்டப் போறேளாமே, ரொம்ப சந்தோஷம்" என்றார். தண்ணீரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டு பிளான்களும் மேஜைமேல் இருக்கின்றன. ஐப்பசி பிறக்க இன்னும் பத்து நாள்.