கைம்மாறும் அறமும்

உதவி பெற்றான் ஒருவன் மீட்டுச் செய்யும் உதவி அறமாமோ, கடன் தீர்த்தலேயாமோ என்பது ஆராயற்பாலது.

நியூசிலாந்து நாட்டில் தேனீ வளர்த்துப் பிழைத்த எட்மண்டு ஹில்லரி, 1953-ல் டென்சிங் நார்கேயுடன் எவரெஸ்டுச் சிகரம் ஏறினார். அப்புகழுக்கு நேபாளத்துச் சோலுகும்பு மலையூர்களின் ஷெர்ப்பாக்கள் பலர் சுமை சுமந்தனர். அம்மக்கள் பள்ளிக்கூடம் வேண்ட, 1961-ல் கும்ஜுங்கில் அஃது எழுந்தது. 1966-ல் குண்டேயில் மருத்துவமனையும் அமைந்தது. பொருள் பெரும்பாலும் பிறரிடம் வேண்டிப் பெற்றதே. தன்பொருட்டு இரத்தல் இழிவு. பிறர்பொருட்டு இரத்தல் அன்னதன்று.

கடனாயின் அவ்வளவில் தீர்ந்ததென்னலாம். ஹில்லரியோ பின்னும் ஒழிந்தாரல்லர். 1975-ல் பாப்லுவில் மற்றொரு மருத்துவமனை கட்டுவித்துக்கொண்டிருந்த அவரிடம் வரப் புறப்பட்ட மனைவியாரும் இளைய மகளும் காத்மாண்டில் விமானம் வீழ்ந்து மாண்டனர். அறஞ்செய்தார்க்கு இதுவோ பயன் என வினவுவாருளர். அவர் பயனை விலையாகக் கருதினர் போலும். விலை பேசிச் செய்வது வாணிகமேயன்றி அறமாகாது. அவர்தம் துயரம் பல்லாண்டு தணிந்திலது. ஆயினும் பாப்லு மருத்துவமனை முற்றுப்பெற்றது.

முதுமையில், சிகரமேறிய அவ்வுடலுக்கே கும்ஜுங்கின் உயரம் ஒவ்வாதாயிற்று. அங்கு நெடிது தங்கவொண்ணாத அக்காலத்தும் அவ்வூர்களின்பொருட்டுப் பொருள் திரட்டுதலை அவர் விட்டாரல்லர். 2008-ல் ஆக்லாந்தில் காலமானார்.