காதில் விழுவதும் ஒட்டுக்கேட்பதும்

லண்டனின் சிவப்பு டெலிபோன் பெட்டியை 1924இல் ஒரு போட்டிக்காக வடிவமைத்தவர் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். லிவர்பூல் தேவாலயத்தை வடிவமைத்த அதே கட்டிடக் கலைஞர்தான். பிரேசிலில் சூ மிங் சில்வேரா 1971இல் முட்டை வடிவத்தில் ஒரு கூடு வரைந்தார். அதற்குக் கதவே இல்லை, தலையை மட்டும் உள்ளே நீட்டிப் பேசலாம். அங்குள்ள மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘பெரிய காது’.

நம்ம ஊர் எஸ்டிடி பூத்துக்கு அப்படிப் பெயர் சொல்லும் டிசைனர் யாரும் கிடையாது. மஞ்சள் போர்டு, கறுப்பு எழுத்து. கடைக்குள் பிளைவுட்டும் கண்ணாடியும் வைத்து அடைத்த ஒரு ஆள் நிற்கிற இடம். தலைக்கு மேலே சிவப்பு எண்களில் ஓடும் மீட்டர். ஆனால் அறந்தாங்கி பக்கம் அந்தக் கண்ணாடிக் கதவுக்குத் தனி கனம் உண்டு. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று ஆள் போகாத தெரு இங்கே குறைவு. கல்யாணமாகி ஆறு மாதத்தில் கணவனை விமானம் ஏற்றிவிட்ட பெண்ணுக்கு, கூட்டுக் குடும்பத்தில் இல்லாத ஒரு கதவு அந்த பூத்தில் இருந்தது.

கதவு என்னவோ மெல்லிசுதான். “கேக்குதா? சத்தமா பேசுங்க, மீட்டர் ஓடுது” என்று கத்தினால் வெளியே பெஞ்சில் இருக்கும் நாலு பேருக்கும் கேட்கும். அப்புறம் அதில் என்ன அந்தரங்கம்?

இதே கேள்வி 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கேட்ஸ் என்பவர் பொது டெலிபோன் பெட்டியில் சூதாட்ட விவரம் பேசியதை எஃப்பிஐ பெட்டிக்கு வெளியே கருவி பொருத்திப் பதிவு செய்திருந்தது. கண்ணாடிப் பெட்டிதானே, எல்லாரும் பார்க்கலாமே என்றது அரசு. நீதிமன்றம் ஒப்பவில்லை. அவர் கதவைச் சாத்தியது கண்ணுக்கு அல்ல, அழைக்காமல் வரும் காதுக்கு எதிராக. சட்டம் காப்பது இடத்தை அல்ல, மனிதரை என்றது.

நம் உச்ச நீதிமன்றமும் 1996இல் டெலிபோன் ஒட்டுக்கேட்பு வழக்கில் அந்தரங்கத்தை உரிமையாக ஏற்றது. ஆனால் வீட்டிலோ அலுவலகத்திலோ தனிமையில் பேசும் உரிமை என்றுதான் அதைச் சொன்னது. பூத்தில் வரிசையில் நின்றவருக்கோ வீட்டில் போன் இல்லை, அலுவலகமே இல்லை.

அவரைக் காத்தது வேறு ஒன்று. தமிழில் ‘காதில் விழுவது’ வேறு, ‘காது கொடுப்பது’ வேறு, ‘ஒட்டுக்கேட்பது’ வேறு. முதலாவது தற்செயல், இரண்டாவது கருணை, மூன்றாவது திருட்டு. பெஞ்சில் இருந்தவர் காதில் எல்லாம் விழுந்தது. ஆனாலும் நல்லவர்கள் பேப்பரைப் புரட்டினார்கள், பஸ் வருகிறதா என்று பார்த்தார்கள். கேட்டதைக் கேட்காத மாதிரி வைத்துக்கொண்டார்கள். எல்லாரும் அப்படி இல்லைதான். பூத்தில் அழுத பெண்ணைப் பற்றிச் சாயங்காலத்துக்குள் தெருவே பேசியதும் நடக்கக்கூடியதுதான். சுவர் மட்டும் போதாது என்பதற்கு அதுவே சாட்சி. கண்ணாடி ஒரு வேண்டுகோள்தான் விடுக்கும். அதை மதிப்பதா வேண்டாமா என்பது வெளியே நிற்பவர் கையில்.

இன்றைக்கு ஆளுக்கொரு பூத் பாக்கெட்டில் இருக்கிறது. “மறைக்க ஒண்ணுமில்லன்னா எதுக்கு லாக்?” என்று தங்கையின் போனைக் கேட்கும் அண்ணன்களும் இருக்கிறார்கள். அந்த பூத்தில் பேசியவள் எந்த ரகசியத்தை மறைத்தாள்? பிள்ளைக்குக் காய்ச்சல், ஓடு ஒழுகுது, எப்ப வருவீங்க. அவ்வளவுதான். ஆனால் அதை அவள் சொன்ன குரல் ஒருத்தருக்கு மட்டுமானது. மாமியாரிடமோ பிள்ளையிடமோ அந்தக் குரலில் அவளால் பேச முடியாது. அந்தரங்கம் என்பது தப்பை ஒளிக்கும் இடம் அல்ல, அப்படி ஒரு குரல் உயிரோடு இருக்கும் இடம்.

2017இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். அது அரசைக் கட்டுப்படுத்தும். வீட்டுக்குள் நீளும் கைக்கு அந்தத் தீர்ப்பு எட்டாது. அங்கே பாஸ்வேர்டைக் கேட்காமல் இருப்பதும், பக்கத்தில் போன் ஒளிரும்போது கண்ணைத் திருப்பிக்கொள்வதும் நாம் பழக வேண்டிய ஒழுக்கம்.